வெற்றுக் குச்சி

ஆனந்தவள்ளியின் தட்டுகளில் ஊதா நிறத்தைப் பார்த்த காலையில் எனக்கு முதலில் தோன்றியது, இவை என் தட்டுகளாக இருந்திருக்கக் கூடாதா என்பதுதான். அடுத்து வந்தது, மூடியில் எழுதியிருந்த அவள் பெயரை அழித்து என் பெயரை எழுத எவ்வளவு நேரமாகும் என்ற கணக்கு. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒரு தடவை துடைத்தால் போதும். நான் அப்படிச் செய்யவில்லை. ஆனால் பஞ்சு எந்த அலமாரியில் இருக்கிறது என்று என் கண் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

பதினான்கு தவளைகள், அவற்றின் தோலில் இருந்த பாக்டீரியாவை வளர்க்கும் பதினான்கு கண்ணாடித் தட்டுகள். ஒன்பது தட்டுகளில் ஊதாப் புள்ளிகள். கத்தரிக்காய்த் தோலின் நிறம், அதே மினுமினுப்பு. இன்குபேட்டரின் கதவைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு என் மேஜைக்குப் போய் உட்கார்ந்தேன். நான் மேலப்புதூரிலிருந்து நடந்தே வருகிறவள், ஏழரைக்கெல்லாம் ஆய்வகத்தைத் திறந்துவிடுவேன். அவள் ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து சேர ஒன்பதாகும். ஒன்றரை மணி நேரம் அந்த ஊதாவைத் தெரிந்திருந்த ஒரே ஆள் நான்தான்.

"அக்கா! அக்கா, இங்க வாங்களேன்! இதைப் பாருங்க!" என்று வந்ததும் கூப்பிட்டாள்.

முதல் தடவை பார்ப்பதைப் போலக் குனிந்து பார்த்தேன். "கலப்படமா இருக்கும் வள்ளி" என்றேன். "வெளியிலேருந்து ஏதாவது விழுந்திருக்கும். ரொம்ப ஆசைப்படாத."

அவள் முகம் சட்டென்று சுருங்கியது. அது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதுவது எளிதாக இல்லை. ஆனாலும் பிடித்திருந்தது.

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் ஆராய்ச்சி மாணவி நான். முப்பத்தைந்து வயதில் மாணவி. உலகத்தில் பல இடங்களில் ஒரு பூஞ்சை தவளைகளின் தோலைப் பிடித்து அவற்றைக் கூட்டம் கூட்டமாக அழித்திருக்கிறது. தவளை தண்ணீர் குடிப்பது தோலால்தான், மூச்சில் ஒரு பங்கும் தோலால்தான். தோல் கெட்டால் கொஞ்ச நாளில் இதயம் நின்றுவிடும். நம் பக்கத்துத் தவளைகளிலும் அந்தப் பூஞ்சை அங்கங்கே தென்படுகிறது, ஆனால் அவை அப்படிச் சாவதாகத் தெரியவில்லை. காரணம் பல இருக்கலாம். தோலின் மேல் குடியிருக்கும் ஏதோ ஒரு பாக்டீரியா பூஞ்சையை அண்டவிடாமல் காப்பது அவற்றில் ஒன்றாக இருக்கலாம். அப்படி ஒன்று காவிரி, கொள்ளிடக் கரைத் தவளைகளில் இருக்கிறதா என்று தேடுவதுதான் என் முனைவர் பட்ட வேலை.

ஆறு வருடம். நானூற்றுப் பன்னிரண்டு தவளைகள். ஒவ்வொன்றுக்கும் புதுக் கையுறை போட்டு, கொதிக்கவைத்து ஆற்றிய சுத்தமான தண்ணீரில் இரண்டு தரம் அலசி, பஞ்சுக்குச்சியால் வயிற்றில் பத்துத் தடவை, தொடைகளில் ஐந்தைந்து தடவை தடவி, குச்சியின் நுனியை டியூபுக்குள் ஒடித்துப் போட்டு, தவளையை எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். மஞ்சளும் வெள்ளையும் ஆரஞ்சுமாக ஆயிரக்கணக்கில் வளர்ந்தன. பூஞ்சைக்குப் பக்கத்தில் வைத்தால் எல்லாவற்றையும் பூஞ்சை ஏறி மிதித்துக்கொண்டு போனது.

ஆனந்தவள்ளி எங்கள் ஆய்வகத்தில் மாணவியாகச் சேர்ந்தது இந்த ஆகஸ்டில்தான். அவள் முதன்முதலாகத் தவளை பிடித்தது நவம்பர் பதினெட்டு. ஊதா வந்தது இருபத்திமூன்று.

டிசம்பர் முதல் வாரத்தில் அதைப் பூஞ்சையோடு சேர்த்து வளர்த்துப் பார்த்தாள். தட்டு முழுக்கச் சாம்பல் பூத்ததுபோலப் பூஞ்சை படர்ந்திருந்தது. ஊதாக் கோட்டின் இரண்டு பக்கமும் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு ஒன்றுமே இல்லை, துடைத்துவிட்டாற்போல. எங்கள் வழிகாட்டி அமிர்தராஜ் சார் அந்தத் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவர் அப்படி ஒரு தட்டைப் பிடித்து நான் பார்த்ததில்லை. என் தட்டுகளை அவர் மேஜையில் வைத்தபடியேதான் பார்ப்பார்.

"பெங்களூரு மாணவர் கருத்தரங்குக்கு லேபுக்கு ஒரு ஆள்தான்" என்றார். "இந்த வருஷம் உன்னோடதை அனுப்பலாம்னு இருந்தேன் டெல்பின். ஆனா இது வந்திருக்கும்போது இதைத்தானே அனுப்பணும். நீயே சொல்லு."

"ஆமா சார். இதைத்தான் அனுப்பணும்."

"ஒரே ஒரு சந்தேகம். இந்த மாதிரி ஊதா மண்ணுலயும் தண்ணியிலயும் சாதாரணமா இருக்கறதுதான். பதினாலுல ஒம்பதுங்கறது ரொம்ப அதிகம். அலசின தண்ணியிலேருந்து வந்திருந்தா?" என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு எடுத்த வெற்றுக் குச்சியைத் தட்டுல போட்டுடு. அது சுத்தமா இருந்தா திங்கக்கிழமைக்குள்ள ஆய்வுச் சுருக்கம் எழுதி அனுப்பிடலாம். இல்லைன்னா இவளோடதை நிறுத்திட்டு உன்னோடதை அனுப்பறேன்."

வெற்றுக் குச்சி என்பது ஒன்றுமில்லை. களத்துக்குப் போகிற ஒவ்வொரு நாளும், தவளையைத் தொடாமல் ஒரு பஞ்சுக்குச்சியைப் பிரித்து, காற்றில் காட்டி, தவளையை அலசுகிற அதே தண்ணீரில் நனைத்து, டியூபில் போட்டு வைப்போம். தவளையின் குச்சியில் வளர்வது வெற்றுக் குச்சியிலும் வளர்ந்தால், அது தவளையுடையது இல்லை, நாம் கொண்டுபோனது. எதையாவது கண்டுபிடித்தால்தான் அந்த டியூபை வெளியே எடுப்போம். நான் ஆறு வருடமாக எதையும் கண்டுபிடிக்காததால், என் வெற்றுக் குச்சிகள் எல்லாம் ஃப்ரீசரிலேயே கிடந்தன. களநோட்டில் தேதிக்கு நேரே ஒரு டிக் போடுவதோடு சரி.

நவம்பர் பதினெட்டுக்கு நேரேயும் டிக் இருக்கிறது. டியூப் இல்லை.

ஃப்ரீசரைத் திறக்காமலேயே எனக்கு அது தெரியும். அன்றைக்கு நான் அதை எடுக்கவில்லை.

ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் ஆனந்தவள்ளியின் பெரியப்பாவுடைய வாழைத் தோட்டம். மரத்தவளைகள் பகலில் வாழை மட்டைகளின் இடுக்கில் ஒடுங்கிக் கிடக்கும். நான் டார்ச் அடித்து ஒவ்வொரு மரமாகத் தேடுவேன். நாள் முழுக்கத் தேடினால் ஐந்தாறு கிடைக்கும். அவள் மரத்தைப் பார்க்கவேயில்லை. மட்டையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "இதுல இல்ல. இதுல இருக்கு" என்று சொல்லிக்கொண்டே கையை விட்டாள். சுண்ணாம்பு பூசினாற்போல ஒரு தவளை அவள் கையுறைக்குள் வந்து உட்கார்ந்தது. அபூர்வமாக அன்றைக்கு அமிர்தராஜ் சாரும் வந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிச் சின்னப் பையன்போலச் சிரித்தார்.

"எப்படிம்மா கண்டுபிடிக்கற?"

"எங்க வீட்டுக் குளிக்கிற ரூம்ல தேரையோடதான் சார் குளிப்போம். எங்களுக்கு அது சொந்தக்காரங்க மாதிரி."

"டெல்பினுக்கு ஒரு மாசத்துல கிடைக்கறதை ஒரு காலையில புடிச்சிட்டியே!"

நான் வரப்பில் உட்கார்ந்து டியூபுகளுக்கு எண் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். அவர்கள் மூன்று பேரும், அவளுடைய பெரியம்மா பொன்னுத்தாயும் சேர்த்து, தோட்டத்தின் அந்த மூலையில் நின்று சிரித்தார்கள். நான் பெட்டியிலிருந்து கடைசிக் குச்சியை எடுத்தேன். உறையைக் கிழிக்கப் போனேன். அந்தச் சமயம் அவள் எதையோ சொல்ல, சார் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். ஆறு வருடத்தில் என்னோடு அவர் அப்படிச் சிரித்தது உண்டா என்று யோசித்தேன். குச்சியைப் பெட்டிக்குள்ளேயே வைத்தேன். நோட்டில் டிக் போட்டேன். பெட்டியை மூடினேன்.

அதனால் அவளுக்கு என்ன கெடுதல் வரும் என்று நான் நினைக்கவில்லை. அவளுடைய நாளில் ஏதாவது ஒன்று குறையாக இருக்கட்டும் என்று மட்டும் இருந்தது. யாருக்கும் தெரியாத ஒரு குறை.

சார் சொன்ன அன்று மத்தியானம் ஃப்ரீசர் அறையில் நான் தனியாக நின்றேன். புது டியூப் ஒன்றை எடுத்தேன். அதில் 'மேலூர், நவம்பர் 18, வெற்று' என்று எழுதினேன். சுத்தமான தண்ணீரில் ஒரு குச்சியை நனைத்து அதற்குள் ஒடித்துப் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இதைக் கொடுத்தால் தட்டு சுத்தமாக வரும். அவள் பெங்களூரு போவாள். முதலில் இது பெருந்தன்மைபோலத்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு கொஞ்சம் உற்றுப் பார்த்தேன். அவள் மேடையில் நின்று பேசுவாள், எல்லோரும் கை தட்டுவார்கள். அவள் நிற்பது என் பொய்யின் மேல் என்று எனக்கு மட்டும் தெரியும். வேண்டும்போது உருவிக்கொள்ளலாம். அந்த எண்ணம் வயிற்றில் இதமாக இறங்கியது.

இன்னொரு வழியும் இருந்தது. அவளுடைய ஊதாத் தட்டு இரண்டடி தூரத்தில் இருந்தது. குச்சியின் நுனியால் அதை ஒரு தொடு தொட்டால் போதும், வெற்றுத் தட்டிலும் ஊதா வளரும். அவளுடைய கண்டுபிடிப்பு வெறும் தண்ணீர் அழுக்காகிவிடும். நான் குச்சியைக் கையில் வைத்திருந்தேன்.

மூன்றாவது, உண்மையைச் சொல்வது. அதிலும் அவளுடையது நின்றுபோகும், நான்தான் பெங்களூரு போவேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் லாபம் அங்கே முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. உண்மையை உண்மைக்காக மட்டும் சொல்லும் வசதியைக்கூட நான் இழந்துவிட்டிருந்தேன்.

டியூபைக் கழிவு வாளியில் போட்டேன். வேறு எதையும் முடிவு செய்யாமல் வீட்டுக்குப் போனேன்.

"என்ன டெல்பி, தவளை ஏதும் திட்டிடுச்சா?" என்றான் டோமினிக். என் கணவன் தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீசியன். நாங்கள் இருவரும் ஒரே வேலை செய்கிறோம் என்றும், அவனுடைய ஆட்கள் மட்டும் ஊசிக்குப் பயந்து கத்துவார்கள் என்றும் சொல்வான்.

"ஒரு சாம்பிளை எடுக்காமலே எடுத்ததா எழுதிட்டேன்."

சப்பாத்தியைப் பிய்த்தவன் நிறுத்தினான். "எப்படி?"

"மறந்துட்டேன்."

"மறந்தா என்ன? எங்ககிட்டயும் நடக்கறதுதான். போன் போட்டு ஆளைத் திரும்ப வரச் சொல்லுவோம்."

"தவளைக்கு போன் போடவா?"

"போட்டுப் பாரு. எடுத்தா நல்லதுதானே." சிரித்துவிட்டு, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "திட்டு வாங்கிக்கிட்டுத் திரும்ப ஊசி குத்துவோம் டெல்பி. ரிப்போர்ட்டை மட்டும் நாங்களா எழுத மாட்டோம்."

மறந்துட்டேன் என்ற வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே பாத்திரம் கழுவினேன். அவனிடமே அப்படி வந்தால் மற்றவர்களிடம் இன்னும் சுலபமாக வரும்.

மறுநாள் காலை ஆனந்தவள்ளி எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். உள் அறையில் குழாயடியில் நின்று கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அது முறைப்படி என் வேலை. முந்தின நாள் நான் போட்டுவிட்டுப் போனவை.

"வள்ளி, நவம்பர் பதினெட்டுக்கு வெற்றுக் குச்சி இல்ல."

"மேல் தட்டுல பாத்தீங்களா அக்கா? சில சமயம் பெட்டிக்குப் பின்னாடி போயிடும். நான் வந்து தேடறேன், இருங்க."

"எங்கயும் இருக்காது. எடுக்கவே இல்ல."

குழாயை மூடினாள். "நோட்டுல டிக் இருக்கே. நான் பாத்தேனே."

"டிக் நான் போட்டது."

கையில் இருந்த தட்டின் நுரை வழிந்து அவள் முழங்கை வரை இறங்கியது. "மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

துண்டை நீட்டுவதுபோல அவளே அந்த வார்த்தையை எடுத்து நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டால் போதும். யாரும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். ஆறு வருடத்தில் ஒரு தடவை மறப்பது மன்னிக்கக்கூடியது.

"மறக்கல" என்றேன். "குச்சியைக் கையில எடுத்தேன். திரும்ப உள்ள வெச்சுட்டு டிக் போட்டேன்."

"ஏன்?"

"நீங்க எல்லாம் அங்க நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. சார் உன்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு."

வாய்விட்டுச் சொன்னபோது அது பள்ளிக்கூடப் பெஞ்சில் நடக்கிற சண்டைபோல இருந்தது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். "அதுக்கா?" என்றாள்.

"அதுக்குத்தான்."

தட்டைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்ததை எடுத்தாள், கழுவவில்லை. "அன்னைக்கு உங்களுக்குத் தனியா டீ கொண்டாந்து குடுத்தேனே அக்கா. சர்க்கரை கம்மியாப் போடச் சொல்லி. பெரியம்மாகிட்ட ரெண்டு தடவை சொன்னேன்."

எனக்கு அந்த டீ நினைவே இல்லை. குடித்திருப்பேன்.

"சார்கிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள். "நான் சொன்னா கோள் மூட்டின மாதிரி இருக்கும்." பிறகு, அவளிடம் நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் சொன்னாள்: "ஒண்ணு கேக்கறேன். நேத்து சார் சொன்னப்பவே சொல்லியிருக்கலாமே? ராத்திரி முழுக்க நான் சுருக்கம் எழுதினேன். எங்கப்பா பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டாரு."

அவளுடைய அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அர்த்தம் கேட்டதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த நேரத்திலும்.

அமிர்தராஜ் சார் கத்தவில்லை. நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். எங்கள் நோட்டில் எதையும் அழிக்கக் கூடாது, தாள் ஒட்டக் கூடாது. தப்பின் மேல் ஒற்றைக் கோடு போட்டு, கீழே சரியானதை எழுதி, தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். அடியில் இருக்கும் தப்பு எல்லோரும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது விதி. புது மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். டிக் மேல் கோடு போட்டேன். 'அன்று வெற்றுக் குச்சி எடுக்கப்படவில்லை' என்று எழுதினேன்.

"எடுக்கப்படவில்லையா?" என்றார் சார்.

அதையும் ஒற்றைக் கோட்டால் அடித்து, 'நான் எடுக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"இன்னும் எத்தனை டிக் இந்த மாதிரி?"

"இது ஒண்ணுதான் சார்."

"அதை நான் எதை வெச்சு நம்பறது?"

"ஃப்ரீசர்ல டியூப் இருக்கு சார். எண்ணிப் பாத்துடலாம்."

"நீ எண்ண வேண்டாம். ஆனந்தவள்ளி எண்ணட்டும்." நோட்டை மூடினார். "இந்த வருஷம் நம்ம லேப்லேருந்து பெங்களூருக்கு யாரும் இல்ல. ரெண்டு பேரும் இல்ல."

இப்படி ஒன்றை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. அவள் போகவில்லை என்பதில் ஒரு நிம்மதி, நானும் போகவில்லை என்பதில் ஒரு வலி. இரண்டில் எது பெரியது என்று அன்று முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பல் வலிக்கிற இடத்தை நாக்கு தொடுவதுபோல.

மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் இருவரும் ஃப்ரீசரின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். நான் நோட்டிலிருந்து தேதியைப் படித்தேன். அவள் டியூபைத் தேடி எடுத்து, "இருக்கு" என்று சொல்லிப் பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கினாள். அக்கா என்ற வார்த்தை இல்லாமல், வெறும் "இருக்கு". மொத்தம் அறுபத்தொரு டிக். என் ஆறு வருடமும் அவள் விரல்களுக்கிடையில் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

"முக்கொம்பு, ரெண்டாயிரத்து இருபத்திரண்டு, அக்டோபர் ஒம்பது."

தேடினாள். "இல்ல."

"எடுத்தேன். அன்னைக்கு மழை. நல்லா ஞாபகம் இருக்கு."

அவள் அடுத்த பெட்டியைப் பார்த்தாள், அதற்கடுத்ததையும் பார்த்தாள். நான் எடுத்திருந்தேன். மழையில் குச்சியின் உறை பிசுபிசுவென்று ஒட்டியதுகூட நினைவிருந்தது. ஆனால் என் நினைவை இனி யார் கேட்கப் போகிறார்கள்? இல்லை என்று அவள் எழுதிவிடலாம். நான் அவள் இடத்தில் இருந்தால் இந்நேரம் எழுதி முடித்திருப்பேன்.

அவள் எழுந்து, ஃப்ரீசரின் பின்சுவரில் படிந்திருந்த பனியைக் கரண்டியால் சுரண்டத் தொடங்கினாள். பத்து நிமிடம் இருக்கும். கையுறையைக் கழற்றிவிட்டு விரல் நகத்தால் சுரண்டினாள். பனியோடு சேர்ந்து ஒரு டியூப் உதிர்ந்தது. அதை உள்ளங்கையில் வைத்து ஊதி, எழுத்தைப் படித்தாள்.

"இருக்கு அக்கா."

விரல் நுனிகள் சிவந்து போயிருந்தன. நியாயமாக எனக்கு நன்றி பொங்கியிருக்க வேண்டும். வந்தது வேறு. கெட்டிக்காரி, அதிர்ஷ்டக்காரி, அதோடு நல்லவளாகவும் இருக்கிறாளே, எனக்கென்று ஒன்றையாவது விட்டுவைக்கக் கூடாதா என்று வந்தது. அறுபது டியூப், அறுபத்தொரு டிக். அவள் கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மார்கழி பிறந்து மூன்றாம் நாள் மறுபடியும் மேலூர் போனோம். வைகுண்ட ஏகாதசிக்காக ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துப் பக்கம் மூங்கில் தடுப்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ் சுற்றிக்கொண்டு போனது. சார் வரவில்லை. தோட்டத்துக்கு முந்தின நாள்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள், கால் புதைந்தது.

வரப்பில் பெட்டியை இறக்கியதும் ஆனந்தவள்ளி என்னைக் கேட்காமல் முதல் குச்சியைத் தானே எடுத்தாள். உறையைப் பிரித்துக் காற்றில் காட்டி, தண்ணீரில் நனைத்து, டியூபில் ஒடித்துப் போட்டாள். நான் வாழைப் பூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நோட்டில் டிக்கும் அவளே போட்டாள்.

"வாங்க அக்கா, நீங்களும் பிடிங்க" என்றாள். "கையை மேலேருந்து விடாதீங்க, அது இன்னும் உள்ள போயிடும். கீழேருந்து."

கீழேயிருந்து விட்டேன். குளிர்ந்த, ஈரமான ஒன்று என் விரலைப் பற்றிக்கொண்டது. அன்று நான் நான்கு, அவள் பத்து. பொன்னுத்தாய் அம்மா டீ கொண்டுவந்தார். சர்க்கரை கம்மியாக இருந்தது. இந்தத் தடவை அதைக் கவனித்தேன்.

ஒரே வாழையில், ஒரே மட்டை இடுக்கில் இருக்கும் இரண்டு தவளைகளில் ஒன்றின் தோலில் அந்த ஊதா ஒட்டிக்கொள்கிறது, இன்னொன்றில் ஒட்டுவதில்லை. ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒட்டாத தவளை அதற்காக ஒன்றும் செய்திருக்காது, செய்யத் தவறியும் இருக்காது. பஸ்ஸில் திரும்பும்போது, டியூப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இதை நினைத்தேன். ஆறுதலாக இல்லை. ஆனால் காவிரிப் பாலம் முடியும் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் இருபத்திநாலு காலை. கல்லூரிக்கு கிறிஸ்துமஸ் விடுமுறை. வீட்டில் மாவு பிசைந்து வைத்துவிட்டு, மாதா கோவிலில் குடில் ஜோடிக்கப் போக வேண்டியவள், சாவியை வாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தேன். வாட்ச்மேன் விக்டர் அண்ணன், "இன்னைக்குமா தவளை?" என்றார்.

இன்குபேட்டரைத் திறந்தேன். பதினான்கில் எட்டுத் தட்டுகளில் ஊதா. நான் பிடித்த நான்கில் மூன்று அதில் இருந்தன.

பதினைந்தாவது, வெற்றுத் தட்டு. அதைத் தனியாக எடுத்து ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். சாய்த்துப் பார்த்தேன். கறுப்புத் தாளின் மேல் வைத்துப் பார்த்தேன், வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தேன். லென்ஸை எடுத்து, ஓரத்திலிருந்து நடுவரை கோடு கோடாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். கால் மணி நேரம் பார்த்தேன். ஒரே ஒரு புள்ளி, ஊசி முனை அளவு ஊதா கிடைக்காதா என்று பார்த்தேன்.

கிடைக்கவில்லை.

போன தடவைபோல ஒன்றரை மணி நேரம் இதை வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு விடுமுறை, நாள் முழுக்கவே வைத்துக்கொள்ளலாம். தட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு போனை எடுத்தேன்.

"சொல்லுங்க அக்கா." பின்னால் மைக் சத்தம். எங்கோ கூட்டத்தில் இருந்தாள்.

"எட்டு" என்றேன். "பதினாலுல எட்டு."

"வெற்று? வெற்று என்ன ஆச்சு அக்கா?"

"சுத்தம். ஒண்ணுமே இல்ல."

மைக் சத்தம் தூரப் போனது, கூட்டத்தை விட்டு விலகி வந்திருப்பாள். அப்புறம், "நல்லாப் பாத்தீங்களா?" என்றாள்.

"நல்லாப் பாத்தேன் வள்ளி."

உலகத்தில் வேறு யாரும் அந்தத் தட்டை அவ்வளவு நன்றாகப் பார்த்திருக்க முடியாது. அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அவள், "அப்ப சரி" என்றாள். "நீங்களே பாத்திருக்கீங்கன்னா சரிதான். நோட்டுலயும் நீங்களே எழுதிடுங்க அக்கா."

களநோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். அவள் போட்டிருந்த டிக்குக்குப் பக்கத்தில் 'வெற்றுத் தட்டு: வளர்ச்சி இல்லை' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டேன். மேலே, அதே பக்கத்தில், ஒற்றைக் கோட்டின் அடியில் என் பழைய டிக் நன்றாகத் தெரிந்தது. மை காயட்டும் என்று நோட்டைத் திறந்தே வைத்துவிட்டு, ஊதாத் தட்டுகளை ஒவ்வொன்றாக, அவள் பெயர் மேலே தெரியும்படி, திரும்ப அடுக்கினேன்.